மூன்றாவது சிபாரிசு

ராஜகோபாலன் சார் சிபாரிசுக் கடிதம் தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நாளைக்கு வா, டைப்பிஸ்ட் லீவு, சாவகாசமாக எழுதவேண்டிய விஷயம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகை பாதி போய்விட்டது. அமெரிக்காவுக்குத் தபால் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். தேனுகாவுக்கு ராத்திரிச் சோறு இறங்குவதில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம். தேனுகா மாடம்பாக்கத்துப் பெண். அப்பா சுப்பராயலு, நெல் போட்ட நிலங்களை மனை பிரித்து விற்றுவிட்டுத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் பெண்பிள்ளை பத்தாவது தாண்டியதே இவள்தான். ரயிலேறி நகரத்துக்குப் போய் எம்.எஸ்சி. பௌதிகம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படிகங்கள் வளர்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. கண்ணாடிக் குவளைக்குள் உப்புக் கரைசலில் ஒரு சின்ன விதை தொங்கும். அது நாளுக்கு நாள் முகம் வைத்து வளர்வதைப் பார்த்தபடி அவளால் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்க முடியும்.

வெளிநாட்டில் போய் இதையே படிக்கலாம் என்ற எண்ணத்தை அவளுக்குள் போட்டவரும் ராஜகோபாலன் சார்தான். அவர் அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர். வகுப்புத் தோழி சுந்தரவல்லியோடு அமெரிக்க நூலகத்துக்குப் போய், தலையணை கனத்துப் புத்தகங்களைப் புரட்டி, ஐந்து பல்கலைக்கழகங்களைத் தேனுகா பொறுக்கி எடுத்தாள். அதில் மூன்று அவர் சொன்னவை. அங்கெல்லாம் தன் பழைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள், தன் கடிதம் ஒன்று போதும் என்றார். வெளிநாட்டுப் படிப்புக்கான பரீட்சைகள் எழுதியாயிற்று. தேவையான மூன்று சிபாரிசுக் கடிதங்களில் இரண்டை வேறு ஆசிரியர்கள் கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய ராஜகோபாலன் சாரின் கடிதம்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

அப்பா இதற்கு ஒப்புக்கொண்டது, நடக்காத காரியம் என்ற தைரியத்தில். எழுதிப் போடட்டும், எழுதினதும் பூடவா போறா என்று அம்மாவிடம் சொன்னதைத் தேனுகாவே கேட்டிருந்தாள். அத்தை, தன் மகனுக்கு இவளைக் கேட்டு இரண்டு முறை வந்துபோயிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சார் தானாகவே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் தன் வீட்டுக்கு வந்தால், வீட்டு டைப்ரைட்டரில் ஐந்து கடிதத்தையும் அடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தேனுகா சந்தோஷமாக வந்து சுந்தரவல்லியிடம் சொன்னாள். சுந்தரவல்லி முகம் மாறியது.

"தனியா போகாத. நானும் வரேன்" என்றாள்.

பல்லாவரத்தில் ரயில் இறங்கி பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் தேனுகா, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். சுந்தரவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டாள் என்றாள். "எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் திறக்கறதில்ல."

ஏரி தாண்டிப் புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவில் வீடு. இரண்டு பக்கமும் காலி மனை, வேலிக்காத்தான் புதர். சார் கதவைத் திறந்தார். இரண்டு பேரைப் பார்த்ததும் கதவைப் பாதியில் பிடித்தபடி நின்றார். அப்புறம் சிரித்து, வாங்கம்மா என்றார். வீட்டில் வேறு யாருமில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருப்பதாகச் சொன்னார். டைப்ரைட்டரில் தாளைச் சொருகி, முதல் இரண்டு வரியை அடித்தார். பிறகு, கார்பன் தாள் தீர்ந்துவிட்டது, மெயின் ரோட்டுக் கடையில் கிடைக்கும், வாங்கிவர முடியுமா என்று சுந்தரவல்லியைக் கேட்டார்.

சுந்தரவல்லி தேனுகாவைப் பார்த்தாள். நகரவில்லை.

"உன் பிராக்டிகல் மார்க்கும் நான்தானேம்மா போடணும். ஒரு சின்ன உதவி" என்றார் சார், சிரித்தபடியே.

சுந்தரவல்லி போனாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து தேனுகாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தாளில் அடித்திருந்த வரியைப் படித்துக் காட்டுகிறவர் மாதிரி குனிந்தார். கை அவள் தோளில் இருந்தது. பிறகு தோளில் இல்லை. தேனுகாவுக்கு எழுந்திருக்கவேண்டும் என்று தெரிந்தது, கால்கள் கேட்கவில்லை. தாளில் தன் பெயர் அச்சாகியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு கழுத்தில் பட்டபோது உடம்பு தானாகத் துள்ளியது. நாற்காலி சாய்ந்து விழ, கதவுக்கு ஓடினாள். மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. இழுத்தாள், வரவில்லை.

அவர் ஓடிவரவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

"கடிதத்துல நல்லதும் எழுதலாம், கெட்டதும் எழுதலாம், தேனுகா. அங்க இருக்கறவங்க என் பேச்சைக் கேக்கறவங்க. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாரு."

அவள் மறுபடி இழுத்ததும் தாழ்ப்பாள் திறந்துகொண்டது. புதர்களுக்கு நடுவே அவள் ஓடியபோது, எதிரே சுந்தரவல்லி அழுதுகொண்டே ஓடிவந்துகொண்டிருந்தாள். கடை வரைக்கும் அவள் போகவேயில்லை.

அதற்குப் பிறகு தேனுகா கல்லூரிக்குப் போகவில்லை. ஜுரம் என்று படுத்துக்கொண்டாள். தபால்காரர் மணி அடித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கெட்ட கடிதம் எழுதிவிட்டாரா? எழுதி அனுப்பினால் தனக்கு எப்படித் தெரியும்? போகாவிட்டால் ஆராய்ச்சி முடியாது, பட்டமும் கிடைக்காது. போனால் அதே அறை, அதே மனுஷன். வீட்டில் சொன்னால் அன்றோடு படிப்பு முடிந்தது. தை பிறந்ததும் அத்தை வீட்டில் விளக்கேற்ற வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

அம்மா கிளியம்மாள் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"எவன்டீ அவன்?"

தேனுகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வாத்தியாரும்மா" என்றாள்.

கிளியம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். காதல் என்றே அவள் நினைத்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தேனுகா எல்லாவற்றையும் சொன்னாள், கார்பன் தாளிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும். சொல்லி முடித்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடித்த கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஒண்ணு அந்தாள வெட்டுவாரு, இல்லாங்காட்டி உன் படிப்ப நிறுத்துவாரு. ரெண்டுல எது ஆனாலும் உனக்குத்தான் கேடு" என்றாள். "எனக்கும் இன்னா பண்றதுன்னு தெரியல."

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். புருஷனிடம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன், பல தடவை போகவேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தாள். "நட. நானும் வரேன்" என்றாள் மகளிடம்.

கிளியம்மாள் மாம்பலம் தாண்டி ரயிலில் போனதில்லை. கூட்டத்தில் மகள் கையை விடவேயில்லை. அந்தக் கை வேர்த்து ஈரமாக இருந்தது. கல்லூரிக் கட்டடத்தையும் அங்கே இங்கிலீஷ் பேசிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்து அவள் சுவரோரமாகவே நடந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ராஜகோபாலன் வந்தபோது எழுந்து நின்றாள். அவர், யாரும்மா என்றார்.

"தேனுகா அம்மா, சார். பொண்ணு வேல முடியிற வரிக்கும் இங்கதான் குந்திகினு இருப்பேன்."

குரல் நடுங்கியது தேனுகாவுக்கு உள்ளே கேட்டது. சார் உள்ளே போனார். மத்தியானத்துக்குள் பியூன் வந்து, வெளியாட்கள் தாழ்வாரத்தில் இருக்கக்கூடாது என்றார். கிளியம்மாள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். வேலையிருந்த நாளெல்லாம் வந்தாள். மகள் சீக்கிரம் வெளியே வராவிட்டால் ஜன்னலருகே வந்து நிற்பாள். ராஜகோபாலன் தேனுகாவிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அந்த மௌனமும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அறைக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

விண்ணப்பங்களை என்ன செய்வது என்று அவளும் சுந்தரவல்லியும் தாம்பரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். சுந்தரவல்லி அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் கூடவே இருந்தாள். அவருடைய சிநேகிதர்கள் இருந்த மூன்று இடங்களையும் தேனுகா விட்டுவிட்டாள். அவள் மிகவும் ஆசைப்பட்ட இடம் அதில் ஒன்று. மிச்சமிருந்த இரண்டுக்கும் எழுதினாள்: என் வழிகாட்டி எனக்குக் கடிதம் எழுதும் நிலையில் இல்லை, காரணத்தைச் சொல்ல இயலவில்லை, என் வேலையை அறிந்த வேறொருவர் எழுதினால் ஏற்பீர்களா? ஒரு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற இன்னோர் இடத்திலிருந்து, ஏற்போம், கடிதம் வரும்வரை விண்ணப்பத்தை வைத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை அவள் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லமுடியாது. பயம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு அதை மட்டும் மிச்சம் வைத்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து அசரியா என்ற பேராசிரியர் வந்தார். அவளுடைய படிகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து நிறையக் கேள்வி கேட்டார். முடிந்ததும் அவர் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கையில் தேனுகா பின்னால் போய், நாக்கு குழற, சிபாரிசுக் கடிதம் கேட்டாள். தேர்வாளர் எழுதுவது முறையில்லையேம்மா, உன் கைடு இருக்கிறாரே என்றார் அவர். தேனுகா திரும்பிப் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். பஸ் வந்தது. விலாசத்தை எழுதிக் கொடு, பார்க்கிறேன் என்று சொல்லி ஏறிப் போனார். எழுதுவாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

ராஜகோபாலன் குறைத்துப் போட்ட மதிப்பெண்ணால் முதல் வகுப்பு மயிரிழையில்தான் கிடைத்தது.

ஆனி மாதம் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது, உதவித்தொகையோடு. அசரியா எழுதியிருக்கவேண்டும். தபால்காரர் அதைச் சிமெண்டுக் கடையில் கொடுத்துவிட்டார். கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளர் பிரித்துப் படித்துச் சொன்னார். சுப்பராயலு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மார்க்கெட்டில் பாதிப்பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் அவர் கூடத்தில் உட்கார்ந்து, அங்க குளுருமாமே என்று மட்டும் கேட்டார்.

விசா நேர்காணலுக்கு முன்வாரம், சேலையூர்க் காலனியிலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் அபிதகுஜாம்பாள். அதே கல்லூரியில் முதல் வருஷம் முடித்தவள். அவளும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கவேண்டும், ராஜகோபாலன் சாரே வழிகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் யோசனை சொல்லவேண்டும் என்று அப்பா ஆர்வமாகப் பேசினார்.

நடந்ததைச் சொல்வதா என்று தேனுகா யோசித்தாள். சொன்னால், இந்தப் பெண்ணின் வாய் வழியாக அவர் காதுக்குப் போகலாம். விசா இன்னும் கையில் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன ஆகும்? பேசாமல் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். அம்மா சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகங்கள் காட்டுவதாகச் சொல்லி அபிதாவை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அபிதா முழுசாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. படிப்பையே நிறுத்திடுவார்."

"நான் சொல்லல. தனியா மட்டும் போகாத. வேற கைடு கேளு. சுந்தரவல்லி அக்கா அங்கதான் ஆராய்ச்சிக்குச் சேரப் போறா. எதுன்னாலும் அவகிட்ட போ."

அவர்கள் போன பிறகு தேனுகா வாந்தி எடுத்தாள். தூதரகத்து வரிசையில் நிற்கும்போதும் அவர் எழுதிப் போட்டிருப்பாரோ என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, எதைப் படிக்கப் போகிறாய், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதை நம்பாமல் அவள் அங்கேயே நின்றாள். பின்னாலிருந்தவர் நகரச் சொல்லவேண்டியிருந்தது.

வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஜனம் வந்தது. கிளியம்மாள் யாரோடும் பேசவில்லை. கடைசியில் மகள் காதருகே, அங்கயும் எவனாவது அப்புடி இருப்பான், பாத்துக்க என்றாள்.

மார்கழியில் சுந்தரவல்லியின் கடிதம் வந்தது. அபிதா வேறொருவரிடம் மாறிவிட்டாள். ஏன் என்று ராஜகோபாலன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றாளாம். அவர் இப்போது துறைத்தலைவர், மாலை போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் நாங்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், பயமாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தேனுகா அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தாள். இங்கே விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது, யார் யாரிடம் கடிதம் வாங்கலாம், யாரைக் கேட்கவே வேண்டாம் என்பதையெல்லாம் அபிதாவுக்காக விரிவாக எழுதினாள்.