ஏலக்கூடம் காலி இல்லை

ராயபுரத்தில் பழைய மீன் ஏலக்கூடத்தை இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டபோது, அதை நிறுத்த அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் சௌமியா. பக்கத்துக் காசிமேட்டில் வளர்ந்தவள், நகர வடிவமைப்பாளர். பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. பாரிமுனையில் அவள் காப்பாற்றிய கிடங்குகளில் இன்று காபிக்கடைகள் நடக்கின்றன. கிடங்குகள் பிழைத்தன. அங்கே மூட்டை தூக்கியவர்கள் வெளியே போனார்கள். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

ஏலக்கூடத்தில் அவளுடைய அத்தை குணசுந்தரி மீன் விற்கிறாள். அதிகாரிகள் ஒருவழியாக இடிப்பதைக் கைவிட்டு, செப்பனிடும் பொறுப்பை சௌமியா வேலை பார்த்த நிறுவனத்துக்கே கொடுத்தார்கள். அவள் போட்ட திட்டத்தில் புதுக் கூரை வந்தது, கழிவுநீர்க் கால்வாய் வந்தது, பெண்களுக்குக் கழிவறை வந்தது. அந்த வரைபடத்தில் மீன்காரர்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் திரையில் வந்தது வேறு படம். கண்ணாடிக் கதவு, உள்ளே உணவகம், சுவரில் மீன்காரி ஒருத்தியின் பெரிய ஓவியம். உயிரோடு ஒரு மீன்காரியும் இல்லை. ஓரத்தில் சௌமியாவின் பெயர்.

"இது நான் போட்டதில்ல சார்," என்றாள் பக்கத்திலிருந்த முதலாளி பிரகாஷிடம்.

"முதலீடு பண்றவருக்கு அந்த நாத்தம் ஆகாது. மீன்காரங்களுக்கு மணலிப் பக்கம் ஷெட் போட்டுத் தர்றோம். விருது வாங்கப்போற வேலை, கெடுத்துடாதே. உக்காரு."

அவள் நேரே மைக்குக்குப் போனாள்.

"இந்தப் படம் என்னோடது இல்ல. நூறு வருஷத்துச் செங்கல்லு உங்களுக்குப் பாரம்பரியம். அதே நூறு வருஷமா அங்க உக்காந்து மீன் விக்கிறவங்க ஆக்கிரமிப்பா? என் பேரை எடுங்க."

"மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்றார் அதிகாரி எரிச்சலுடன்.

"நான் காசிமேட்டுப் பொண்ணு சார். வேற எந்தப் பக்கம் இருப்பேன்?"

பின்வரிசையிலிருந்து குணசுந்தரியின் குரல் வந்தது. "அப்டி கேளு கண்ணு! மணலில எந்தப் போட்டு கரைக்கு வருது? டேங்கர் லாரிதான் வந்துகினு கீது!"

கூட்டம் சிரித்தது, பிறகு கத்தியது. அத்துடன் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். அன்று மாலையே சௌமியாவின் வேலை போயிற்று.

"இனிமே உனக்கு யாரும் பெரிய வேலை தர மாட்டாங்க," என்றார் பிரகாஷ்.

"எது பெரிய வேலைன்னு உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகல சார்."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டாள்.

கூடத்தைப் பூட்ட ஆட்கள் வந்தபோது பெண்கள் கூடைகளோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வியாபாரமும் நடந்தது. சௌமியா தன் திட்டத்தைப் புதிதாக வரைந்தாள். அதை மீன்காரப் பெண்கள் சங்கம் தன் பெயரில் அதிகாரிகளிடம் கொடுத்தது. மழைக்காலம் முழுக்க இழுபறி. முதலீட்டுக்காரர் விலகிக்கொண்டார். கூரையும் கால்வாயும் சரி, கழிவறை பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"கக்கூஸ் இல்லாத கூரை இன்னாத்துக்கு?" என்றாள் குணசுந்தரி. கழிவறையும் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் பழைய கூரையின் ஓடுகளைக் கழற்றப் பெண்கள் விட்டார்கள்.

திறப்பு விழாக் கல்வெட்டில் சௌமியாவின் பெயர் இல்லை. அவள் அதைப் படிக்கக்கூட நிற்கவில்லை. கால்வாயில் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புகைப்படத்துக்காகக் கூடைகளைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார் ஓர் அதிகாரி.

"வியாபார நேரம் சார். நீங்கதான் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, குணசுந்தரி வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டாக வெட்டினாள்.