ஸ்டெபினின் பத்து நகல்கள்

என் அடையாளத்தைத் திருடும் தகுதியுள்ள திருடன் நீலகிரி மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. இதை நான் அரவேணு தேவாலய இளைஞர் கூட்டத்தில், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை. ஐவி அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐவி அக்கா தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். ஆதார் நகல் யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். போதகரிடம் கொடுத்த நகலில்கூட ‘தேவாலயச் சுற்றுலாவுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தார். போதகர் அதை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய்விடுவார் என்று கேட்டேன். அக்கா கோடு போடுவதை நடித்தும் காட்டினேன். கூட்டத்தில் நல்ல வரவேற்பு.

எங்கள் ஊரில் மற்றவர்கள் ஆதாரைப் பற்றிக் கவலைப்படாததற்கு ஜாகீர் பாய்தான் காரணம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கார்டை மறந்துவிட்டால், பஸ் பிடித்துப் போய் எடுத்து வர அரை நாள் ஆகும். பாய்க்கு இளகிய மனசு. ஒரு முறை வந்தவர்களின் நகலில் பத்து கூடுதலாக எடுத்து, அகர வரிசையில் ஃபைலில் போட்டு வைத்துவிடுவார். அடுத்த தடவை பெயரைச் சொன்னால் போதும். உங்கள் பெயரை வேறு யாராவது சொன்னாலும் போதும். அக்கா மட்டும் அந்த ஃபைலில் சேரவில்லை.

ஆகஸ்டில் எனக்குக் குன்னூரில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் போலீஸ் நன்னடத்தைச் சான்று கொடுக்க வேண்டும், தவறினால் இடம் அடுத்தவனுக்கு. என் சிம்முக்கு அங்கே டவர் கிடைக்காது என்றார்கள். திங்கட்கிழமை புது சிம் வாங்கக் கோத்தகிரி போனேன். மொபைல் கடையில் என்னோடு படித்த நாஜ்னீன் இருந்தாள். என் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் பேர்ல ஒம்பது சிம் ஓடுது. சொல்லவே இல்லையே ஸ்டெபின்.”

என்னிடம் இருப்பது ஒன்று. ஒருவருக்கு ஒன்பதுக்கு மேல் கிடையாது என்பதால் எனக்கே எனக்குக் கொடுக்க முடியாது என்றாள். மீதி எட்டில் ஏதாவது ஒன்றை வைத்து எவனாவது யாரையாவது ஏமாற்றியிருந்தால், போலீஸ் தேடி வருவது என்னைத்தான் என்பதையும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, எட்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் நன்னடத்தைச் சான்று எங்கே கிடைக்கும்?

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கல்லூரி ஆபீஸ். வேலை பார்த்த காட்டேஜ். மூன்று வருடமாக என் பெஞ்சில் உட்காரும் பெனிஸுக்கு என் பிறந்த தேதி மனப்பாடம். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நம்பியிருந்தேன். சுற்றுலாவுக்கு நகல் வாங்கிய போதகரையும் விட்டுவைக்கவில்லை.

இறங்கியதும் நேராக ஜாகீர் பாய் கடை. ஃபைலை எடுக்கச் சொன்னேன். என் பெயரில் மூன்று நகல்தான் மிச்சம். நான் வாங்கியது இரண்டு.

“மிச்சம் அஞ்சு யாரு பாய் வாங்கினது?”

“நீ அனுப்பினேன்னுதான் தம்பி கேட்டாங்க. ஒருத்தரு ஜாக்கெட் போட்டிருந்தாரு.”

இந்த மலையில் ஜாக்கெட் போடாதவனைத் தேடுவது சுலபம். யார் எவர் என்று விசாரிக்காமல் எப்படித் தூக்கிக் கொடுத்தீர்கள் என்று குரலை உயர்த்தினேன். பாய் கோபப்படவில்லை. எனக்கு அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

“பவுல்ராஜ் அண்ணன் காப்பிய நீ மூணு தடவ வாங்கிட்டுப் போனே. நான் ஏதாச்சும் கேட்டனா?”

பவுல்ராஜ் அண்ணன் பக்கத்து வீடு. ரேஷன் கார்டு வேலைக்காக அவர்தான் அனுப்பினார். ஆனால் அதை நிரூபி என்று யாராவது சொன்னால் என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று நகலையும் உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காவல் நிலையத்தில் ரைட்டர் எட்டு எண்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். புகாருக்கு ரசீது கொடுத்தார். உள்ளே போய் நெடுநேரம் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். எந்த எண் மீதும் இன்று வரை வழக்கு இல்லை, வியாழக்கிழமை வந்து சான்று வாங்கிக்கொள்ளலாம் என்றார். ‘இன்று வரை’ என்பதை இரண்டு தடவை சொன்னார்.

“ஒரு ஆதார் காப்பி மட்டும் வச்சுட்டுப் போங்க.”

பையிலிருந்து ஒன்றை எடுத்தேன். அவர் கை நீட்டினார். நான் காகிதத்தைக் கொடுக்காமல் பேனாவைக் கேட்டேன். மேசையோரம் திரும்பி நின்றுகொண்டு குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவே ‘போலீஸ் சான்றுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

“ஸ்டேஷனையே நம்ப மாட்டீங்களாட்ட இருக்குதுங்க தம்பி?”

இரண்டாவது கோடு கொஞ்சம் மெலிதாக விழுந்திருந்தது. அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன்.