பேக்கரிக்காரர் இன்னும் சாகவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரைச் சாகடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு வயதான பேக்கரிக்காரர் இதய நோயில் சாக வேண்டும். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுதினேன்:

'அன்று மாலை பேக்கரிக்காரர் மல்லாந்து படுத்து, புன்னகையோடு கண்களை மூடி, மெல்ல'

அதற்குமேல் ஒரு சொல் எழுத முடியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

"மல்லாந்தா? அவருக்கு என்ன வியாதி தம்பி?"

"இதயம் பலவீனம், அண்ணி."

"அப்ப நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கும். படுத்த உடனே மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். இதுல புன்னகை வேறயா?"

2

அண்ணியை அறிமுகப்படுத்தாமல் இனி கதை நகராது. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவர், பிள்ளைகள் இருவரும் தலையெடுத்த பிறகு நர்சிங் படிக்கச் சேர்ந்தார். (அவர் படும் பாட்டை உருக்கமாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "நான் என்ன அழுமூஞ்சியா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.) எல்லாப் பாடமும் தேறிவிட்டார், ஒன்றைத் தவிர. நோய் வந்தால் உடம்பின் ஒவ்வொரு மண்டலமும் எப்படி நிலைகுலையும் என்று படிக்கிற பாடம் அது. அதற்கு வாய்மொழித் தேர்வு உண்டு. போன முறை கோட்டைவிட்டார். இந்த முறையும் விட்டால் கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டிருந்தார். "இதயம் தளர்ந்தா கால் ஏம்மா வீங்குது?" என்று தேர்வாளர் கேட்டதும் திருதிருவென்று விழித்தார். கால் அவருக்கு வேறு அத்தியாயத்தில் இருந்தது.

என் பேக்கரிக்காரருக்கு உடம்பு மொத்தமும் ஒன்றாக இருந்தது. அண்ணி அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

3

அந்த வாரம் முழுக்க என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. துணி மடித்துக்கொண்டே அண்ணி கேட்பார்: "இன்னைக்கு எப்படி இருக்கார்?"

"கால் வீங்கிடுச்சு. ஷூ நுழையல," என்பேன். (மெதுவாகச் சாவின் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.)

"அது கிட்னி பண்ற வேலை. இதயம் சரியா தள்ளாததால அதுக்கு ரத்தம் கம்மியா வருது. உடம்புல தண்ணியே இல்லன்னு நினைச்சு, உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்குது."

"உடம்பெல்லாம் தண்ணி. அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது, பாவம். நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணுது. நான் படிக்க உட்கார்ந்தாலே உங்க அண்ணன் பால் கொண்டுவந்து வைக்கிறாரே, அந்த மாதிரி."*

"சரி, இன்னைக்கு முடிச்சுடவா? பத்திரிகையில கேக்கறாங்க."

"அவர் செத்துட்டா நான் யாரை வெச்சுப் படிக்கிறது? மாத்திரை குடுங்க. நீர் இறங்கும்."

கொடுத்தேன். எந்த எழுத்தாளனுக்கும் இந்தக் கதி வரக்கூடாது.

* அண்ணன் இந்த வரியைப் படித்துவிட்டார். இப்போது பால் வருவதில்லை, ஜூஸ் வருகிறது.

4

தேர்வறை. (நான் அங்கே இல்லை. அண்ணி சொன்னதை வைத்து எழுதுகிறேன். மின்விசிறிச் சத்தம் எழுதலாம் என்று பார்த்தேன். "அங்க ஃபேனே இல்ல," என்றார்.)

கேள்வி இதயத்தில் ஆரம்பித்தது. அண்ணி மடமடவென்று நுரையீரலுக்குப் போனார், சிறுநீரகத்துக்கு வந்தார், காலில் இறங்கினார். தேர்வாளர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. வைத்தியம் பார்க்காம விட்டா? அப்புறம் என்ன ஆகும்?"

விடை அண்ணிக்குத் தெரியும். ஒரு வாரமாக என்னை எழுதவிடாமல் அவர் தடுத்துவந்த அதே சொல். சொல்லாவிட்டால் மதிப்பெண் போச்சு, கல்லூரியும் போச்சு. மாவு படிந்த கையோடு அந்த மனிதர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அண்ணிக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"செத்துடுவார் சார்," என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு யாரும் கேட்காமலேயே, "ஆனா நாங்க விடல சார். உப்பைக் குறைச்சோம். நீர் இறங்க மாத்திரை குடுத்தோம். தலையணையை உசத்தி வெச்சோம். நேத்து அவரே மாடி ஏறினார்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சொந்தக்காரராம்மா?"

"இல்ல சார். என் கொழுந்தன் எழுதுற கதையில வர்றவர்."

5

தேர்வாளர் சிரித்தாரா, முறைத்தாரா என்று அண்ணி பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்துவிட்டார். முடிவு நாளைக்குத்தான் தெரியும். நானோ கதையை இன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

அண்ணி தேறிவிட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். "வாய் கூசாம எழுதறீங்களே தம்பி," என்று அவரே அடித்துவிட்டார். தேறவில்லை என்று இன்னொன்று எழுதினேன். அதை நானே அடித்தேன். மூன்றாவதில் தேர்வாளர் எழுந்து நின்று

வேண்டாம். மதிப்பெண்ணை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன், தாராளமாகப் போடுங்கள். பேக்கரிக்காரர் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் எனக்கே உரிமை இல்லை. அவர் அண்ணியின் நோயாளி.