பத்து நிமிடக் கெடு

ரயிலில் உட்கார்ந்திருந்த நேத்ரா, வந்த ஆத்திரத்தில் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். கையிலிருந்த காகிதம் அப்படி.

தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். கிரிப்டோ பணம் கைமாறும் முறையை வடிவமைப்பது அவள் தொழில். ஒவ்வொரு டீயையும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிந்தால் பதிவுக் கட்டணமே டீயை விழுங்கிவிடும். அதனால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே தனிக் கணக்கு. மாதம் முடிந்ததும் ஒரே தடவை செயினில் ஏற்றினால் போதும். எவனாவது பாக்கி குறைவாக இருந்த பழைய கணக்கை ஏற்றினால், மற்றவர் கெடுவுக்குள் புதுக் கணக்கைக் காட்டி மறுக்க வேண்டும்; இல்லையென்றால் பழையதே நிலைத்துவிடும். அவள் வைத்த கெடு ஒரு நாள்.

சும்மா வைக்கவில்லை. சோதனைக்கு அவள் சேர்த்துவிட்டது ரயிலில் டீ விற்கும் தசரதனை. மாலை வண்டிக்கும் சார்ஜ் வேண்டுமே என்று மத்தியானம் முழுக்க போனை அணைத்து வைப்பவர் அவர்.

மேனேஜர் மனோகர் மகாராசன், அவளைக் கேட்காமலேயே கெடுவைப் பத்து நிமிடமாக்கினார். சீசன் டிக்கெட்டுக்காரன் ஒருவன், எட்டுப் பேர் டீக்கும் பொறுப்பு எடுத்தவன், மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், முதல் வாரத்துக் கணக்கையே ஏற்றிவிட்டான். பத்து நிமிடத்தில் தசரதனுக்கு மூவாயிரம் ரூபாய் போயே போச்சு!

இப்போது கம்பெனி அந்தப் பணத்தைத் தருகிறதாம், இந்தக் காகிதத்தில் தசரதன் கையெழுத்துப் போட்டால்.

"இன்னாமா எழுதிக்கீது?" என்றார் தசரதன், டீ கேனைக் கீழே வைத்து.

"போன ஆஃப் பண்ணது உங்க தப்புன்னு எழுதிக்கீதுண்ணா."

"என் தப்பா? குடிச்சிட்டு ஏமாத்தனவன் அவன். நேரத்தைக் கொறச்சது உங்க ஆபீசு. தப்பு மட்டும் எனக்கா?" குரல் உயர்ந்தது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவர் கை நீட்டினார். "பேனா குடு. பொண்ணுக்கு ஃபீசு கட்டணும்."

நேத்ராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நம்பிச் சேர்ந்த மனுஷனை இந்த வார்த்தை எழுத வைப்பதா? காகிதத்தை இழுத்து அந்த வரியை அடித்தாள். 'கெடுவைக் குறைத்தது மனோகர். தசரதன் மேல் எந்தத் தவறும் இல்லை' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். படம் எடுத்து, முதலாளிகள் உட்பட ஆபீஸ் குழு மொத்தத்துக்கும் அனுப்பினாள்.

பங்காருபேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் போன் அடித்தது. மனோகர்.

"எடுக்காதமா, வேலை பூடும்," என்றார் தசரதன்.

எடுத்தாள். "சொல்லுங்க சார். அண்ணனுக்குப் பணம் எப்போ போடுறீங்க?"