சுண்டுவின் கும்பிடு

சுண்டு கும்பிடு போட்டாலே மருமகள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

முன்பெல்லாம் வீட்டுக்கே அது வேடிக்கை. அந்தக் குட்டி நாய் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். "பாத்தியாம்மா, தொரை எனக்குக் கும்பிடு போடுறாரு" என்று மாமனார் பூரித்துப்போய் வெண்ணெய் தடவிய ரொட்டியை ஊட்டிவிடுவார். ஊட்ட ஊட்டக் கும்பிடும் கூடியது. கடைசியில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்த பிறகுதான் நாய் டாக்டரம்மா போட்டு உடைத்தார். கணையம் வீங்கியிருக்கிறதாம். அது கும்பிடே இல்லை, வயிற்றுவலி பொறுக்காமல் நிற்கிற நிலையாம்.

"கொழுப்பைக் கண்ணுலயே காட்டாதீங்க. இன்னொரு தடவை வந்தா தாங்காது."

வலிக்கிறது என்று சொன்ன உயிருக்கு வெண்ணெயை ஊட்டியிருக்கிறோமே என்று மாமனார் இடிந்துபோனார். அதன்பின் அதற்கு ஊட்டக் கரண்டியைத் தொடவே அவர் பயந்தார். புருஷனோ காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவன். ஆக, மொத்தமும் மருமகள் தலையில் விடிந்தது. தோலில்லாத கோழி, குழைந்த சோறு, வேளை தவறாமல் மாத்திரை. தெருமுனைக் கடைக்குப் போனால்கூட ஓடித்தான் வந்தாள்.

வலி நின்றது. கும்பிடு நிற்கவில்லை. அப்படி நின்றால் வாய்க்கு ஏதாவது கிடைக்கும் என்பதைக் கழுதை கற்றுக்கொண்டுவிட்டதே! வலியா வேஷமா என்று கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்: ஒரு கரண்டி சோறு நீட்டுங்கள், தின்றால் வேஷம், முகத்தைத் திருப்பினால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். அவள் சோதிக்கச் சோதிக்க, சோற்றுக்காகச் சுண்டு இன்னும் கும்பிட்டது. அவளும் எத்தனை தடவைதான் குனிந்து நிமிர்வாள்.

இந்த லட்சணத்தில்தான் அந்த வேலை வந்தது. வீட்டில் உட்கார்ந்து ஊரார் கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தவளைப் பெரிய தையல்கூடத்தில் துணி வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனையோ வருஷமாக அவள் ஏங்கிய கத்தரி அது. இன்றே வந்து நிற்க வேண்டும் என்பது முதலாளியம்மாவின் கண்டிப்பு.

"நீ தைரியமா போம்மா. சோறு நீ வெச்சதுதான், நான் கரண்டியில எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதானே" என்றார் மாமனார், பயத்தை மறைத்துக்கொண்டு.

அவள் பையை மாட்டிச் செருப்பில் கால் நுழைத்தாள். வாசல் குறுக்கே சுண்டு கும்பிட்டது.

மாமனார் கரண்டியை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் வாங்கி நீட்டினாள். அதற்கும் திருப்பிக்கொண்டது.

"ஐயோ, திரும்பவும் வந்துடுச்சாம்மா?" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இவரை நம்பி இதை விடுவதா, இதை நம்பி இவரை விடுவதா? அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். நாய்க்கு முடியவில்லை என்று சொல்ல வாய் கூசியது, ஆனாலும் சொன்னாள்.

"சரிம்மா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா வைத்துவிட்டார்.

நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடலாம் என்று பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதைப் பார்த்ததும் சுண்டு எழுந்தது. உடம்பை உதறியது. கீழே கிடந்த கரண்டியை வழித்து நக்கிவிட்டு, அவள் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

"தின்னுட்டான்மா" என்றார் மாமனார் மெல்ல.

"தெரியுது மாமா."

அந்த நேரம் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. தள்ளத்தான் குனிந்தாள். சுண்டு அவளைப் பார்த்து வாலை ஆட்டி, முன்னங்கால்களை நீட்டி மறுபடியும் கும்பிட்டது.

அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டு சோறு எடுக்கப் போனாள்.