கிராம்பு அண்ணியும் இரண்டு தட்டுக் கடலையும்

வீட்டில் அவளுக்குப் பேர் கிராம்பு. உணவு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷமாகக் கிராம்பு எண்ணெயோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? பட்டம் கொடுத்த புண்ணியவதி கணவனின் தங்கை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளித்தான் சாப்பிட உட்காருவாள். அண்ணிக்கோ அப்படி ஒரு வாசனை அடிப்பதே தெரியாது. மூக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் நச்சு சேரும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. அப்படித்தான் ஊரிலிருந்த ஒரு கடலைக் கிடங்குக்காரர் ஒரு வருஷச் சரக்கில் பாதியைக் குழிதோண்டிப் புதைத்தார். அண்ணி அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி கிடங்கில் ஓர் அறை வாங்கி, அங்கிருந்த கடலைமேல் கிராம்பு எண்ணெயை அப்படியே தெளித்துப் பார்த்தாள். பூஞ்சை ஓடிப்போனது. வாங்க வந்தவர்களும் ஓடிப்போனார்கள்.

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாப்புல இருக்குதாம்மா," என்றார் கிடங்குக்காரர். "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் வாசனை வந்துச்சுன்னா என்னை விட்டுடுங்க."

இந்த முறை எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலந்தாள். நானோ எமல்ஷன் என்று பேர். பார்த்தால் வெறும் தண்ணீர்தான். துளி அவ்வளவு பொடியாகிவிட்டால் கொஞ்சம் எண்ணெயே போதும். மெல்லிய தூவலாகத் தெளித்துக் காயவைத்தாள். மழைக்காலம் முழுக்க மூட்டைகள் அறையில் கிடந்தன. பரிசோதனையில் பூஞ்சையும் இல்லை, நச்சும் இல்லை.

வாசனை? அதைத்தான் அவளால் சொல்ல முடியாதே!

"என் நாத்தனாரைக் கூட்டிட்டு வரேன்."

"வீட்டு ஆளா? உங்க பக்கம்தான பேசுவாங்க?"

"அவளா? நீங்க வேற!"

கிடங்கு அலுவலக மேஜையில் இரண்டு தட்டு வறுத்த கடலை. ஒன்று தெளித்தது, ஒன்று தெளிக்காத புதுச்சரக்கு. எது எதுவென்று தட்டின் அடியில் கிடங்குக்காரர் எழுதியிருந்தார். நாத்தனார் வந்து சேர்வதற்குள் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழக்கதோஷம், இடப்பக்கத் தட்டைக் கிளறிச் சொத்தைக் கடலை பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாத்தனார் வந்தாள். வலப்பக்கத்தில் ஒரு கை அள்ளி மென்றாள். இன்னொரு கையும் அள்ளிக்கொண்டாள். இடப்பக்கத்துக் கடலையை வாயருகே கொண்டுபோனதும் முகம் அஷ்டகோணலாகியது.

"அய்யே! கிராம்பு!"

அண்ணிக்கு இரண்டு வருஷப் பாடும் வீணாய்ப் போயிற்றே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கிடங்குக்காரர் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது தெளிக்காததும்மா!"

நாத்தனார் அண்ணியின் கையை வெடுக்கென்று இழுத்து மோந்தாள்.

"அண்ணி! இந்தத் தட்டுல கை வச்சீங்களா?"

அண்ணி கையை உருவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கிடங்குக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எல்லா அறையும் எடுத்துக்குங்கம்மா. கையுறையை மட்டும் மறந்துடாதீங்க!"

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நாத்தனார், வலப்பக்கத் தட்டுக் கடலையைப் பொட்டலமாக மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி அண்ணியை ஒட்டி உட்கார்ந்தாள். அண்ணி ஆசையாகப் பொட்டலத்துக்குக் கை நீட்டினாள்.

"தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள் நாத்தனார். "வாயைத் திறங்க. நானே ஊட்டி விடறேன்."