வேலையில்லாதோர் தலைவருக்கு வேலை

வேலையில்லாதோர் சங்கத்தின் தலைவருக்கு வேலை கிடைத்துவிட்டது. சங்கத்துக்கு இப்படியொரு நெருக்கடி வந்ததே இல்லை.

தலைவர் ஒரு வெல்டர். தொழிற்சாலையை மூடிய பிறகு மேடையில் மட்டும்தான் தீப்பொறி பறக்கவிட்டார். வீட்டில் உலை கொதித்தது மனைவியின் தையல் மிஷினால். அவளுக்கும் இப்போது மணிக்கட்டு வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை வந்து சேரும்படி ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனதும் அவள் கணவனை வாசல்வரை வந்து அனுப்பினாள்.

"சங்கத்துல போய்க் கேக்காதீங்க. சொல்லிட்டு மட்டும் வாங்க."

அவர் போய்க் கேட்டார்.

செயலாளரைத் 'தீர்மானம்' என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். டீ வாங்கி வரவும் தீர்மானம் போடுகிறவர். காப்பீட்டு அலுவலகத்தில் மாதச் சம்பளம். வேலையின்மையின் கொடுமையை ஆபீஸ் விட்ட பிறகு வந்து விளக்குவார்.

"மாநாடு தலைக்கு மேல நிக்குது தோழர். நீங்களே வேலைக்குப் போனா, தேடினா கிடைக்கும்னு முதலாளி சொல்ல மாட்டானா? நீங்க தனி ஆள் இல்ல. ஒரு வர்க்கத்தோட வலி."

"வலி என் பொண்டாட்டி கையில இருக்கு தோழர்."

சிரித்தார்கள். தீர்மானமும் சிரித்துவிட்டு, "மாநாடு முடியும்வரை தலைவர் தமது உழைப்பை விற்பதில்லை" என்று வாசித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

அந்தச் சங்கத்தில் எதிர்த்துக் கை தூக்கியவர் கிடையாது. 'ஆதரி' என்பதற்குள்ளேயே கைகள் எழுந்துவிடும். டாக்டர் சுத்தியலால் தட்டினால் முழங்கால் எழும்புவதில்லையா, அப்படி. வெல்டர் மனைவியின் வீங்கிய மணிக்கட்டை நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலிருந்த பெயிண்டர் முழங்கையால் இடித்தார். "யோவ், நீயுமாய்யா?"

வெல்டர் அண்ணாந்து பார்த்தார். மேலே எழுந்து நின்றது அவர் கைதான்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தீர்மானம். கைதட்டல்.

"தோழர், என் கை தெரியாம..."

"அதுதான் தோழர் வர்க்க உணர்வு. தெரியாமலே வரும்."

வீட்டில் மனைவி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆணியில் அவருடைய பழைய வெல்டிங் கண்ணாடி, துடைத்து மாட்டியிருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"ஓட்டுக்கு விட்டுட்டாங்க."

"அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா நமக்காகப் பேசல?"

"பெயிண்டர் கேட்டான்."

"என்னன்னு?"

அவர் தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அந்தக் கையைப் பார்த்தாள். பல வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரிலிருந்து மணிக்கட்டை எடுத்து, ஒரு துணிக்கீற்றோடு அவர்முன் நீட்டினாள்.

"இறுக்கிக் கட்டுங்க. விடிஞ்சா தைக்கணும்."